எல்.எல்.ஆர்., எட்டு, ரிவர்ஸ்: ஏற்காட்டில் உட்கார்ந்துகொண்டு நெட்டில் எதைப் படிப்பது?

காபிக்காடு | செப்டம்பர், ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஆபீஸில் கணக்கு பார்க்கிறேன். வயது 41. இத்தனை வருடமும் பஸ்ஸிலும் அடுத்தவர் வண்டியின் பின் சீட்டிலுமாகவே காலத்தை ஓட்டிவிட்டேன். இப்போது அம்மாவை மாதம் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்ட சேலத்துக்கு இறக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் கூப்பிடும்போது பஸ் போய்விடுகிறது. அதனால் ஸ்கூட்டர், கார் இரண்டுக்கும் சேர்த்தே லைசென்ஸ் எடுத்துவிடலாம் என்று இறங்கிவிட்டேன்.

பிளஸ் டூ படிக்கும் மகன் போனில் மூன்று செயலி போட்டுக் கொடுத்தான். நேற்று ஒரே கேள்விக்கு மூன்றும் மூன்று விதமாகப் பதில் சொன்னது. குறுகலான மலைச் சாலையில் ஒரு வண்டி ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது, யார் வழிவிட வேண்டும்? ஒன்று "ஏறுகிற வண்டி" என்றது. இன்னொன்று "சின்ன வண்டி". மூன்றாவதில் "இறங்குகிற வண்டி". நான் பிறந்ததிலிருந்து இந்த ரோட்டில் போய் வருகிறேன், இறங்குகிற பஸ்தான் ஓரம் கட்டி நிற்கும். ஆனால் தேர்வில் என்ன எழுதுவது?

நெட்டில் உருப்படியாகப் படிக்க எது இருக்கிறது, எதைத் தொடக் கூடாது என்று சொன்னால் புண்ணியமாகப் போகும்.

---

20வது வளைவு | அன்றிரவே

அக்கா, நீங்கள் கண்ணால் பார்த்ததுதான் சரி. இறங்குகிறவன் நிற்க வேண்டும், ஏறுகிறவனை விட வேண்டும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் டாக்ஸி ஓட்டுகிறவன் நான். ஏறும்போது ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளப்புவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். லோடு வண்டியாக இருந்தால் பின்னால் நழுவும். இறங்குகிறவனுக்கு பிரேக்கை மிதித்தால் வேலை முடிந்தது. இந்தக் காரணத்தை நினைவு வைத்துக்கொண்டால் விடை தானாக வரும்.

---

பழைய எல் போர்டு | திங்கள் காலை

டாக்ஸித் தம்பி சொன்னது நூற்றுக்கு நூறு. இது வழக்கம் மட்டுமல்ல, சட்டமே. மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் 2017-இல் இருக்கிறது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பல வருடம் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா, முதல் வேலையாக அந்த மூன்று செயலியையும் அழித்துவிடுங்கள். அவற்றை எழுதியது யார், எந்த வருடத்தில், எந்த மாநிலத்துக்கு என்று ஒன்றும் தெரியாது. அபராதத் தொகை கேட்கும் கேள்விகளில் பழைய தொகையே இருக்கும். சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5000 ரூபாய், ஹெல்மெட் இல்லாவிட்டால் 1000. உங்கள் செயலியில் 500, 100 என்று வந்தால் அது அந்தக் காலத்துச் சரக்கு.

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் சாரதி என்று ஒரு பகுதி உண்டு. தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து உள்ளே போனால் எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமத்துக்கான மாதிரித் தேர்வு கிடைக்கும். காசு கிடையாது. எல்.எல்.ஆருக்கு விண்ணப்பிப்பதும், டெஸ்டுக்கு நாள் எடுப்பதும் அதே இடத்தில்தான். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தடவை எழுதுங்கள். பத்து நாளில் கேள்விகள் எல்லாம் பழகிய முகமாகிவிடும். 60 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. எழுதப் படிக்கத் தெரிந்தவர் இதில் தவறினால் பெரும்பாலும் சாலைக் குறியீடுகளில்தான் தவறியிருப்பார்.

குறியீடுகளைப் படம் படமாக மனப்பாடம் செய்யாதீர்கள். வடிவத்தைப் பாருங்கள். முக்கோணம் எச்சரிக்கிறது: முன்னால் வளைவு, பாறை விழும் இடம், பள்ளிக்கூடம். வட்டம் உத்தரவு போடுகிறது. சிவப்பு விளிம்பு வட்டம் பெரும்பாலும் "செய்யாதே", நீல வட்டம் "செய்". ஹாரன் படம் சிவப்புக் கோட்டோடு இருந்தால் அடிக்கக் கூடாது, நீல வட்டத்துக்குள் இருந்தால் கட்டாயம் அடிக்க வேண்டும். செவ்வகம் தகவல்: ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க் இப்படி. இந்த வரிசையில் சேராத இரண்டு உண்டு. எட்டுப் பக்கம் உள்ளது "நில்". தலைகீழ் முக்கோணம் "வழிவிடு". இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் தனி வடிவம் தெரியுமா? சேறு அடித்திருந்தாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எல்லோரையும் கவிழ்ப்பது ஒரு ஜோடி. நீலத்தின் மேல் ஒற்றைச் சிவப்புக் கோடு என்றால் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே கிளம்பலாம். இரண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி போட்டிருந்தால் நிற்கவே கூடாது. அடுத்த முறை பஸ்ஸில் மலை இறங்கும்போது ஜன்னல் பக்கம் உட்காருங்கள். சேலத்தில் அஸ்தம்பட்டி வருவதற்குள் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

---

நெத்திமேடு நாயகன் | திங்கள் மதியம்

இவ்வளவு எதுக்குங்க? ஆளைப் பிடித்தால் அரை நாள் வேலை. என் மச்சான் ஒரு கேள்விகூடப் படிக்கவில்லை. இன்று அவன் கையில் லைசென்ஸ் இருக்கிறது.

---

தட்டுவடை செட் | திங்கள் மதியம்

மச்சான் வண்டி ஓட்டுவாரா?

---

நெத்திமேடு நாயகன் | திங்கள் மதியம்

கார் வைத்திருக்கிறான். நான்தான் ஓட்டுகிறேன்.

---

தட்டுவடை செட் | திங்கள் மாலை

அப்படி வாங்க வழிக்கு.

காபிக்காடு அக்கா, நான் அம்மாப்பேட்டை. நாற்பத்து மூன்று வயதில் லைசென்ஸ் எடுத்தேன். 40 தாண்டியவர்கள் படிவம் 1ஏ என்று ஒரு மருத்துவச் சான்று வாங்க வேண்டும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை, விண்ணப்பம் பாதியில் நின்றது. முன்கூட்டியே டாக்டரிடம் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கண் டாக்டர் வீட்டுக்கு எப்படியும் போகிறீர்கள், உங்கள் கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. விண்ணப்பிக்கும்போது வண்டி வகை கேட்கும். ஸ்கூட்டர்தானே என்று "கியர் இல்லாதது" மட்டும் தேர்ந்தால் நாளைக்கு மகனின் பைக்கை நீங்கள் தொட முடியாது. கியர் வண்டி வேண்டும் என்றால் டெஸ்டும் கியர் வண்டியில்தான். யோசித்துப் போடுங்கள்.

---

சேவை மையம் அயோத்தியாப்பட்டணம் | செவ்வாய்

இ-சேவை மையம் நடத்துகிறேன். தினமும் நான்கைந்து எல்.எல்.ஆர். விண்ணப்பம் போடுகிறேன். அதனால் சில விஷயம் சொல்லலாம்.

தேடலில் முதலில் வருவதெல்லாம் அரசுத் தளம் இல்லை. பரிவாகன் மாதிரியே பெயர், அதே நிறம், மேலே அசோகச் சின்னம்கூட வைத்திருப்பார்கள். முகவரி "ஜி ஓ வி டாட் இன்" என்று முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் ஆதார் எண்ணையோ ஓ.டி.பி.யையோ போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் "உங்கள் வண்டிக்கு அபராதம், இந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்" என்று ஏ.பி.கே. கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்புகிறார்கள். பெயர் அரசுச் செயலியின் பெயரான எம்பரிவாகன் என்றே இருக்கும். திறந்தால் போனில் உள்ள குறுஞ்செய்தியெல்லாம் அவன் கைக்குப் போய்விடும். எம்பரிவாகன் செயலி வேண்டுமானால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுங்கள். என் மையத்துக்கு வந்த ஒரு பெரியவர் இதில் பணத்தை இழந்துவிட்டுத்தான் வந்தார்.

கட்டணம் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகைக்கு 150, தேர்வுக்கு 50. பிறகு ஓட்டுநர் டெஸ்டுக்கு ஒரு வகைக்கு 300, லைசென்ஸ் வழங்க 200. சேவைக் கட்டணங்கள் தனி. தளத்தில் கட்டிய ரசீதில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. யாராவது ஐயாயிரம் கேட்டால் மீதி எதற்கு என்று கேளுங்கள்.

ஆதார் வழியாகப் போனால் வீட்டிலிருந்தே எல்.எல்.ஆர். தேர்வு எழுத வழி உண்டு. முதலில் சாலைப் பாதுகாப்பு வீடியோ ஓடும். தள்ளிவிட்டுப் போகலாம் என்று பார்க்காதீர்கள், முழுதாக ஓடி முடிந்தால்தான் அடுத்தது. ஆதாரில் இருக்கும் போன் எண் உங்களிடம் இருக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். பழைய எண், அதை இப்போது யாரோ வைத்திருக்கிறார்கள்.

---

குரங்குச்சாவடி | செவ்வாய் இரவு

அக்கா, எல்.எல்.ஆரை நினைத்துப் பயப்படாதீர்கள், அது சும்மா. எட்டுதான் எமன், கால் ஊன்றாமல் எட்டு வடிவத்தில் வண்டி ஓட்டிக் காட்ட வேண்டும். நான் எட்டில் இரண்டு தடவை விழுந்தேன். விழுந்தேன் என்றால் நிஜமாகவே ஒரு தடவை விழுந்தேன்.

யூடியூபில் "எட்டு போடுவது எப்படி" என்று தேடி இருபது முப்பது வீடியோ பார்த்திருப்பேன். எல்லோரும் பெரிய மைதானத்தில் ஜாலியாகச் சுற்றுகிறார்கள். அங்கே எட்டு, யானை படுக்கிற அகலம் இருக்கிறது. டெஸ்ட் கிரவுண்டில் பார்த்தால் அது எட்டு இல்லை, எறும்புக் கோடு. பக்கத்து மாநில வீடியோ ஒன்றில் காருக்கு எச் வடிவத்தில் கம்பு நட்டு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லுகிறார்கள். அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. இன்னொரு வீடியோ வெளிநாடு. ஸ்டியரிங் இடது பக்கம், ரோட்டில் வலது பக்கம் போகிறார்கள். அதைப் பார்த்துப் பழகி ரிவர்ஸில் தப்பான தோளைத் திருப்பிப் பார்த்தேன். சொல்லிக்கொடுத்த அண்ணா தலையில் அடித்துக்கொண்டார்.

---

பழைய எல் போர்டு | புதன்

தம்பி சொன்னதில் ஒரு விஷயம் இருக்கிறது. வீடியோ கண்ணுக்குத்தான் சொல்லிக்கொடுக்கும். எட்டு போடுவது கழுத்தும் இடது கையும்.

எட்டில் கால் ஊன்றுகிறவர்களை ஆயிரக்கணக்கில் பார்த்திருப்பேன். அத்தனை பேரும் முன் சக்கரத்தையே பார்ப்பார்கள். சக்கரம் எங்கே போகிறது என்று பார்த்தால் வண்டி அங்கேதான் போகும், கோட்டின் மேல். வளைவில் நுழையும்போதே தலையைத் திருப்பி, வளைவு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். ஸ்கூட்டர் என்றால் ஆக்சிலேட்டரைக் கூட்டிக் குறைக்காமல் ஒரே அளவில் பிடித்துக்கொண்டு, இடது கை பிரேக்கை லேசாக, முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்து வேகத்தை அடக்குங்கள். வலது பிரேக் முன் சக்கரத்துக்கு. திருப்பத்தில் அதைத் தொட்டால் சாய்ந்துவிடும். தம்பி விழுந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

---

குரங்குச்சாவடி | புதன்

ஐயா, நீங்கள் அன்றைக்கு அங்கே இருந்தீர்களா?

---

காபிக்காடு | புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. செயலிகளை அழித்தாயிற்று. மாதிரித் தேர்வு இரண்டு எழுதினேன். ஒன்றில் தப்பித்தேன், ஒன்றில் தோற்றேன். ஆளில்லாத ரயில்வே கேட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. "ஹாரன் அடித்துவிட்டு வேகமாகக் கடக்கலாம்" என்று அழுத்திவிட்டேன். ஏற்காட்டில் ரயிலை எங்கே பார்ப்பது!

எட்டு பழக இடம் கிடைத்துவிட்டது. எஸ்டேட்டில் காபி காயப்போடும் சிமெண்டுக் களம் இப்போது காலி. கோலமாவில் எட்டு வரைந்து பழகுகிறேன். மகன் ஓரத்தில் உட்கார்ந்து சிரிக்கிறான். அவனும் ஓட்டுகிறேன் என்கிறான்.

---

பழைய எல் போர்டு | புதன் இரவு

ரயில்வே கேட் கேள்வி கட்டாயம் வரும். வண்டியை நிறுத்தி, கூட ஆள் இருந்தால் அவரை இறங்கி முன்னால் போய் இருபுறமும் பார்க்கச் சொல்லி, ஆள் இல்லை என்றால் தானே இறங்கிப் பார்த்து, அப்புறம்தான் கடக்க வேண்டும். சட்டத்தில் 131-வது பிரிவு. வெள்ளைக் கோலோடு ஒருவர் ரோட்டோரம் நின்றால் அதையே நில் என்ற குறியாக எடுத்துக்கொள்வது, மினுக்கும் மஞ்சள் விளக்கு என்றால் மெதுவாகப் பார்த்துப் போவது, மினுக்கும் சிவப்பு என்றால் நின்று பார்த்துப் போவது, இவையும் திரும்பத் திரும்ப வரும்.

மகனிடம் மட்டும் சாவியைக் கொடுக்காதீர்கள் அம்மா. 18 ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதம், சிறை மூன்று வருடம் வரை. அது பிள்ளைக்கு இல்லை, பெற்றவருக்கு. 16 வயதில் கொடுக்கும் லைசென்ஸ் 50 சிசி வரைக்குமான கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். உங்கள் ஸ்கூட்டர் அதில் வராது.

---

நெத்திமேடு நாயகன் | வெள்ளி

இனிமேல் ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்டே கிடையாதாம், டிரைவிங் ஸ்கூல் சர்டிபிகேட் போதுமாம். குரூப்பில் வந்தது. வாத்தியார் என்ன சொல்கிறார்?

---

பழைய எல் போர்டு | வெள்ளி

அது 2024-லும் சுற்றியது. புதிதாக ஒன்றும் மாறவில்லை என்று அமைச்சகமே அப்போது விளக்கம் கொடுத்தது.

விஷயம் இதுதான். 2021-இல் ஒரு விதி வந்தது. அரசு அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையம் என்று தனி வகை. அதற்கு இடம், சிமுலேட்டர், டெஸ்ட் டிராக் எல்லாம் இருக்க வேண்டும். இலகு ரக வண்டிக்கு 4 வாரத்துக்குள் 29 மணி நேரப் பயிற்சி, அதில் 21 மணி வண்டியில், 8 மணி வகுப்பில். அங்கே படித்துத் தேறினால் டெஸ்டிலிருந்து விலக்கு. நம் தெருமுனையில் எல் போர்டு போட்ட பழைய கார் வைத்திருக்கும் பள்ளிக்கூடம் அந்த வகை இல்லை. நானும் அந்த வகையில் வேலை பார்த்ததில்லை.

---

மட்டுறுத்துனர் | சனி

"கேள்வித்தாள் பி.டி.எஃப். 199 ரூபாய்" என்று இணைப்பும் போன் எண்ணும் போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இலவசமாகக் கிடைப்பதை யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டாம். சொந்த விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் இங்கே பதியாதீர்கள்.

---

காபிக்காடு | அக்டோபர் முதல் வாரம்

எல்.எல்.ஆர். வந்துவிட்டது! தேர்வில் மலைச் சாலைக் கேள்வி வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. ரயில்வே கேட் வந்தது. சரியாகப் போட்டேன்.

எல் போர்டு ஸ்டிக்கரும் வாங்கிவிட்டேன். வெள்ளையில் சிவப்பு எழுத்து. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கடைக்காரர் சின்னதாக ஒன்று கொடுத்தார். 18 சென்டிமீட்டர் சதுரம் இருக்க வேண்டும் என்று சொன்னதும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

கார் ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்தில் பழகுகிறேன். முதல் நாளே ஐந்து ரோடு பக்கம் கூட்டிப்போய்விட்டார்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. நானும் நின்றேன். கிளட்சை விட்டதும் வண்டி ஆஃப். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப். பின்னால் சேலமே ஹாரன் அடித்தது. இதற்கு நெட்டில் ஏதாவது இருக்கிறதா?

---

20வது வளைவு | அன்றே

அக்கா, இதற்கு வீடியோ வேண்டாம், ஹேண்ட் பிரேக் போதும். ஏற்றத்தில் நின்றதும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சை மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனமாகும், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும். அங்கேயே காலை நிறுத்துங்கள். இப்போது ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் போகாது, முன்னாலும் பாயாது. அந்த இடத்தைக் கால் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வண்டிக்கு வண்டி அது மாறும். யாரும் இல்லாத ஏற்றத்தில் ஐம்பது தடவை செய்யுங்கள்.

இறங்கும்போது ஏறின கியரிலேயே இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தாவது வளைவு வருவதற்குள் பிரேக் தீய்ந்த வாசனை வரும். டிசம்பர் மூடுபனியில் அந்த வாசனை வந்தால் நான் ஓரம் கட்டி முன்னால் போகிறவரை விட்டுவிடுவேன்.

எல் போர்டோடு மலை ஏறுகிறீர்கள் என்றால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும். பின் சீட்டில் அம்மா இருப்பது கணக்கில் வராது.

---

தட்டுவடை செட் | மறுநாள்

மேம்பாலத்தில் ஆஃப் ஆகாதவர் சேலத்துக்காரரே இல்லை. எனக்கு ஆன இடம் ஏவிஆர் ரவுண்டானா. அங்கே ஏற்றம்கூடக் கிடையாது.

---

காபிக்காடு | நவம்பர், இரண்டாம் வாரம்

கார் பாஸ். எட்டு ஃபெயில்.

கார் நன்றாகவே போனது. கண்ணாடியைச் சரிசெய்தது, பெல்ட், கை சைகை, ரிவர்ஸ் எல்லாம் சரி. எட்டில்தான் கால் ஊன்றிவிட்டேன். ஏன் என்று பஸ்ஸில் ஏறி வரும்போதுதான் புரிந்தது. களத்தில் நான் எப்போதும் குடோன் பக்கத்திலிருந்து நுழைந்து, முதலில் இடது வட்டம் போட்டே பழகியிருக்கிறேன். கிரவுண்டில் மறுபக்கத்திலிருந்து நுழையச் சொன்னார்கள். முதல் வட்டமே வலது. கழுத்து திரும்பவில்லை. அதோடு ஆய்வாளர் என்ன எழுதுகிறார் என்று ஒரு நொடி பார்த்தேன். பார்த்த பக்கம் வண்டி போய்விட்டது. வாத்தியார் சொன்னதுதான்.

இப்போது இன்னொரு சங்கடம். அறுவடை தொடங்கிவிட்டது. களம் முழுக்கக் காபிப் பழம். கால் வைக்க இடம் இல்லை.

---

குரங்குச்சாவடி | அன்றிரவு

கிளப்புக்கு வரவேற்கிறேன் அக்கா.

---

பழைய எல் போர்டு | மறுநாள் காலை

இதற்கெல்லாம் மனம் தளர வேண்டாம். ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். எட்டுக்கு மட்டும் நாள் எடுத்தால் போதும். மூன்று முறை தவறினால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும், கூடவே ஒரு திருத்தப் பயிற்சியும் எடுக்க வேண்டும். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும், உங்களுக்கு நாள் நிறைய இருக்கிறது.

தவறு முழுக்க என்னுடையதுதான். இரண்டு பக்கமும் பழகுங்கள் என்று நான் எழுதியிருக்க வேண்டும். பள்ளியில் முதல் வாரமே சொல்லுவேன். இங்கே எழுதும்போது விட்டுப்போயிற்று. எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தாலும், எந்த வட்டம் முதலில் வந்தாலும் ஒன்றாகத் தோன்ற வேண்டும். இன்னொன்று, யாராவது ஓரமாக நின்று நோட்டில் ஏதாவது கிறுக்கிக்கொண்டே இருக்கும்போது பழகுங்கள். மகனுக்கு அந்த வேலையைக் கொடுக்கலாம். சிரிக்கிற பிள்ளைதானே, பொருத்தமாக இருக்கும்.

---

20வது வளைவு | மறுநாள்

களம் இல்லை என்றால் என்ன, காலை ஆறு மணிக்கு ஒண்டிக்கடை பக்கம் டூரிஸ்ட் வண்டி நிறுத்துகிற இடம் காலியாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் ஆள் இடிக்கும். சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம்.

---

காபிக்காடு | டிசம்பர் முதல் வாரம்

பாஸ்!!!

ஒரு வாரம் முழுக்கக் காலை ஆறு மணிக்கு, ஸ்வெட்டர், அதன் மேல் ஹெல்மெட், பனியில் கோலமாவு எங்கே என்றே தெரியாமல் சுற்றினேன். டீக்கடைக்காரர் பாய்லரைப் பற்றவைத்துவிட்டு தினமும் நின்று பார்ப்பார். நான்காம் நாளிலிருந்து "இன்னிக்கு ரெண்டு தரம் காலு வெச்சீங்க மேடம்" என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். மகனுக்கு நோட்டுக் கொடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

கிரவுண்டில் இந்த முறை எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்தேன் என்றே நினைவில்லை.

---

சேவை மையம் அயோத்தியாப்பட்டணம் | அன்றே

வாழ்த்துக்கள் மேடம். கார்டை வாங்க ஆபீஸுக்கு அலையாதீர்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஸ்பீட் போஸ்ட்டில் மட்டும்தான் அனுப்புகிறார்கள். முகவரி தப்பாக இருந்தால் கார்டு திரும்பிப் போய்விடும். எஸ்டேட் முகவரி என்பதால் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். அதுவரை அரசின் டிஜிலாக்கர் செயலியில் லைசென்ஸை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதனையில் அதைக் காட்டினால் அசலுக்குச் சமம்.

---

நெத்திமேடு நாயகன் | இரண்டு நாள் கழித்து

மேடம், மச்சான் உங்கள் பதிவையெல்லாம் படித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு மேம்பாலத்தில் கிளட்ச் பழக்க வேண்டுமாம். லைசென்ஸ்தான் இருக்கிறதே, எல் போர்டு ஒட்டலாமா வேண்டாமா?

---

தட்டுவடை செட் | அன்றே

ஒட்டுங்க. பின்னால் வருகிறவர்கள் நன்றி சொல்வார்கள்.

---

காபிக்காடு | டிசம்பர் கடைசி

கார்டு வந்துவிட்டது. நேற்று அம்மாவை ஸ்கூட்டரில் வைத்து டாக்டரிடம் போய் வந்தேன். போகும்போது பதின்மூன்றாவது வளைவுக்குப் பக்கத்தில் ஒரு லாரி ஏறி வந்தது. ஓரம் கட்டி நின்றேன். டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார். "யாரு அது, தெரிஞ்சவங்களா?" என்று அம்மா கேட்டது.

நெத்திமேடு அண்ணாவின் மச்சானுக்கு என் எல் போர்டு ஸ்டிக்கர்கள் வேண்டுமானால் பத்திரமாக உரித்து வைத்திருக்கிறேன். முன்னால் ஒட்டியது ஓரம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. அளவு சரியாக இருக்கும். ஒண்டிக்கடை டீக்கடையில் கொடுத்து வைக்கிறேன்.